மாச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை தோட்டத்துச் சமையலறைக்குப் பொருந்துமா?

தலவாக்கலை கடைக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நகரில் சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறேன். அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 116 mg/dL என்று வந்தது. இது இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறீர்கள், உடல் நிறையைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொன்னார். அதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் சோறு, ரொட்டி, பாண், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இறைச்சி, முட்டை, மரக்கறி ஆகியவற்றை மட்டும் சாப்பிடும்படி வற்புறுத்துகிறார்கள்.

என் தயக்கத்துக்குக் காரணம் எங்கள் வீட்டு அமைப்பு. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களாகச் சீனி வியாதிக்கு மாத்திரை எடுக்கிறார். மனைவி இன்னமும் மலைக்குப் போகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அடுப்பில்தான் சமையல்: காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும், மதியம் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும், இரவில் மறுபடியும் ரொட்டி, இடையிடையே சீனி போட்ட பிளேன்ரீ. இந்த உணவிலிருந்து மாச்சத்தை எடுத்துவிட்டால் உடம்புக்குத் தேவையான மற்றச் சத்துகள் எங்கிருந்து வரும்? விபரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

போசணை மாணவி (பதுளை) எழுதியது:

அண்ணா, எதைக் குறைப்பது என்று பேசுவதற்கு முன்னர் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று கணக்குப் பார்ப்பது நல்லது. நீங்கள் எழுதியதை வைத்து, வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் கோதுமை மா, 200 கிராம் அரிசி, 60 கிராம் சீனி, 40 கிராம் பருப்பு, கொஞ்சம் தேங்காய், எண்ணெய் ஆகியவற்றைச் சாப்பிடுவதாக எடுத்துக்கொள்கிறேன். 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராமும், 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 80 கிராமும் காபோவைதரேற்று, அதாவது மாச்சத்து, உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் 470 கிராம் அளவில் வருகிறது. ஒரு கிராம் காபோவைதரேற்று 4 கிலோகலோரி தருவதால், நாள் முழுதும் கிடைக்கும் சுமார் 2,400 கிலோகலோரியில் ஐந்தில் நான்கு பங்கு மாச்சத்திலிருந்து மட்டும் வருகிறது.

இந்தக் கணக்கில் புரதம் 54 கிராம் வருவதைப் பார்த்து ஆறுதல் அடையக் கூடாது. அதில் 44 கிராம் மாவிலும் அரிசியிலும் இருக்கும் புரதம். தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது பருப்பும் பயறும் கடலையும்தான்; ஆனால் அவை நம் தட்டில் சோற்றின் மேல் ஊற்றும் நீர்த்த கறியாகவே இருக்கின்றன. கரண்டியை விட்டுத் துழாவினால்தான் பருப்பு அகப்படும் கறியை நாம் எல்லோரும் சாப்பிட்டிருக்கிறோம்.

ஆகவே நம்மைப் பொறுத்தவரை மாச்சத்து அதிகம் என்பதும் புரதம் குறைவு என்பதும் சேர்ந்தே இருக்கும் ஒரே பிரச்சினை. முன்னதை மட்டும் பிடித்து இழுத்தால் மிஞ்சுவது சம்பலும் தேநீரும்தான்.

மஸ்கெலியா இளைஞன் எழுதியது:

சகோதரி சொன்ன கணக்கு என் கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. ஐந்தில் நான்கு பங்கு மாச்சத்து என்றால் அதை வெட்டுவதில் என்ன தயக்கம்? உடம்புக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் உண்டு, இன்றியமையாத கொழுப்பமிலங்கள் உண்டு. இன்றியமையாத காபோவைதரேற்று என்று எதுவும் கிடையாது. மூளைக்கு வேண்டிய குளுக்கோசை ஈரலே உற்பத்தி செய்துகொள்ளும், மீதித் தேவையைக் கொழுப்பிலிருந்து ஈரல் உண்டாக்கும் கீற்றோன்கள் ஈடுசெய்யும். நாளொன்றுக்கு 20 முதல் 50 கிராமுக்குள் மாச்சத்தை அடக்கும் கீற்றோ உணவுமுறை நேற்று முளைத்ததும் இல்லை. 1921ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் வைத்தியர் ரசல் வைல்டர் வலிப்பு நோயாளருக்கு அதைப் பரிந்துரைத்தார். 18 நாடுகளில் நடந்து 2017இல் வெளியான பியூர் ஆய்வு, மாச்சத்தை மிக அதிகமாக உண்பவர்களிடையே இறப்பு அதிகம் என்று காட்டியது. நானும் இந்த முறையைப் பின்பற்றுகிறேன். முதல் வாரத்திலேயே நிறை நன்றாக இறங்கியது.

ஓய்வுபெற்ற மருந்தாளர் (ஹட்டன்) எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன தகவல்கள் சரியானவை; அவற்றிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை.

முதல் வாரத்து நிறையிழப்பை எடுத்துக்கொள்வோம். ஈரலும் தசைகளும் கிளைக்கோசன் என்ற வடிவில் சுமார் 400 முதல் 500 கிராம் வரையான மாச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் சேர்ந்திருக்கும். மாச்சத்தை நிறுத்தியவுடன் அந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே நீரும் வெளியேறுகிறது. தராசு காட்டும் முதலிரண்டு கிலோவில் பெரும்பகுதி இதுவே. மீண்டும் சோறு சாப்பிட்டால் அது இரண்டொரு நாளில் திரும்பிவிடும்.

நீண்ட காலத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு 2018இல் வெளியான ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு நல்ல சான்று. 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மாச்சத்துக் குறைந்த உணவையும் மற்றப் பிரிவினருக்குக் கொழுப்புக் குறைந்த உணவையும் பரிந்துரைத்து, ஒரு வருடம் கண்காணித்தார்கள். முதற்பிரிவினர் சராசரியாக 6.0 கிலோவும் அடுத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி அது பொருட்படுத்தக்கூடிய வித்தியாசமே இல்லை. இரு பிரிவினருக்கும் சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்து மரக்கறியைக் கூட்டும்படி அறிவுறுத்தியிருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பியூர் ஆய்வில் ஆபத்து அதிகமாகக் காணப்பட்ட பிரிவினர், தங்கள் சக்தியில் சராசரியாக 77 வீதத்தை மாச்சத்திலிருந்து பெற்றவர்கள். மாணவி போட்ட கணக்கு நம்மை அந்த வரிசையில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடன் ஒப்பிடப்பட்ட குறைந்த பிரிவினர்கூட 46 வீதம் அளவுக்கு மாச்சத்துச் சாப்பிட்டவர்கள், கீற்றோக்காரர்கள் அல்லர். 2018இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த இன்னோர் ஆய்வு 15,000இற்கும் அதிகமான அமெரிக்கர்களைச் சுமார் 25 வருடங்கள் பின்தொடர்ந்தது. அதில் 50 முதல் 55 வீதம் வரை மாச்சத்து உண்டவர்களிடம் இறப்பு மிகக் குறைவு. 40 வீதத்துக்குக் கீழும் 70 வீதத்துக்கு மேலும் அது கூடியது. மாச்சத்தைக் குறைத்த இடத்தில் விலங்குக் கொழுப்பையும் இறைச்சியையும் வைத்தவர்களுக்கு ஆபத்துக் கூடியதாகவும், பருப்பு, கொட்டை வகைகள் போன்ற தாவர உணவை வைத்தவர்களுக்குக் குறைந்ததாகவும் தெரிந்தது. இவை இரண்டும் அவதானிப்பு ஆய்வுகள் என்பதால் காரணத்தை நிரூபிப்பவை ஆகா. இருந்தாலும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

கொழுந்துக்காரி எழுதியது:

பெரியவர்கள் எழுதுவதை எல்லாம் வாசித்தேன். ஆய்வுகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. மலையில் வேலை செய்பவளாக ஒரு விடயத்தை மட்டும் கேட்கிறேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், செங்குத்தான மலையில் ஏறி, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, நிறுவைக்குச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கும் ஒருத்திக்கு ரொட்டியைக் குறைக்கச் சொல்வது நியாயமா? ரொட்டியை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்ததாக நினைக்க வேண்டாம். விடியற்காலை அடுப்பில் சீக்கிரம் சுட்டு முடியும். துணியில் சுற்றி எடுத்துப்போனால் நனையாமலும் கெடாமலும் இருக்கும். பகல் வரைக்கும் பசி தாங்கும். 2022இல் மாவின் விலை ஏறியபோது ரொட்டியைக் குறைத்தவர்கள்தான் நாங்கள், அதை யாரும் உணவுமுறை என்று பாராட்டவில்லை. இறைச்சி சம்பள நாளில்தான் அடுப்பேறும். முட்டை வாங்கினாலும் முதலில் வீட்டு ஆண்களுக்கும் பிறகு பிள்ளைகளுக்கும் போகும். சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

கடைக்கார அண்ணா கல்லாவில் உட்கார்ந்திருப்பவர். அவருக்குரிய அளவை அவருடைய மனைவிக்கும் வைத்துவிடாதீர்கள்.

நெறியாளர்:

கீற்றோ மாப்பொடி விற்பனை குறித்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. விலைப்பட்டியல் போட இது சந்தை இல்லை.

போசணை மாணவி (பதுளை) எழுதியது:

அக்கா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் இந்த விவாதத்தின் நடுப்புள்ளி. கடும் உடலுழைப்புச் செய்பவருக்கு மாச்சத்தே மலிவானதும் விரைவில் கிடைப்பதுமான எரிபொருள். மலைக்குப் போகும் பெண்ணுக்கு ரொட்டியைக் குறைப்பதல்ல, ரொட்டியோடு வேறொன்றைச் சேர்ப்பதே தேவை. தடித்த பருப்போ, அவித்த கடலையோ, முட்டையோ போனால் அதே ரொட்டி முழுமையான உணவாகிவிடும்.

இறுக்கமான கீற்றோ முறைக்கு நம் ஊரில் இருக்கும் பெரிய இடைஞ்சல் இதுதான்: அது பருப்பையும் தடை செய்கிறது. 100 கிராம் உலர்ந்த மைசூர்ப் பருப்பில் 24 கிராம் புரதம் இருந்தாலும் 60 கிராமுக்கு மேல் காபோவைதரேற்றும் இருக்கிறது. பயறு, கடலை, கௌபி எல்லாமே இப்படித்தான். நாளொன்றுக்கு 20 கிராம் என்ற எல்லைக்குள் ஒரு கோப்பைப் பருப்புக்கே இடமில்லை. நமக்குக் கட்டுப்படியாகும் புரதத்தை வெளியே தள்ளிவிட்டு, கட்டுப்படியாகாத இறைச்சியைத் தேடும்படி அந்த முறை சொல்கிறது. நார்ச்சத்தும் கூடவே போய்விடும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும் 400 கிராம் மரக்கறி, பழமும் உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்திருக்கிறது. கருவாட்டையும் முட்டையையும் மட்டும் வைத்து அதை எட்ட முடியாது.

கடைக்கார அண்ணாவுக்கு ஒரு நாள் உணவை இப்படி அமைத்துப் பார்த்தேன்: மா 100 கிராம், அரிசி 75 கிராம், பருப்போ பயறோ உலர்ந்த நிறையில் 100 கிராம், சோயா மீட் 40 கிராம், இரண்டு முட்டை, 400 கிராம் மரக்கறியும் கீரையும், அளவான தேங்காயும் எண்ணெயும், சீனி போடாத தேநீர். மாச்சத்து 240 கிராம் அளவிலும், மொத்தச் சக்தி 1,700 கிலோகலோரி அளவிலும், புரதம் 75 கிராமுக்கு மேலும் வருகின்றன. மாச்சத்தின் பங்கு ஏறத்தாழ 55 வீதம். அதாவது, பழைய அளவில் பாதியாகக் குறைத்த பிறகும் மருந்தாளர் ஐயா குறிப்பிட்ட 50–55 வீதத்தின் மேல் விளிம்பில்தான் நிற்கிறோம். வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் எல்லைகளை நாம் துரத்தத் தேவையில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

சோயா மீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உலர்ந்த நிலையில் அதன் நிறையில் ஏறத்தாழ அரைவாசி புரதம். விலையும் இறைச்சியைவிடக் குறைவு. பெட்டியோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம் என்பதால் அதைப் போடாமல் வீட்டுத் தூளில் சமைப்பது நல்லது. நெத்தலிக் கருவாட்டையும் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு ஓரளவு இறங்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லை.

வெலிமடை விவசாயி எழுதியது:

நாங்கள் உருளைக்கிழங்கு போடும் ஆட்கள். அதைத் தொடவே கூடாது என்று ஊரெல்லாம் பேசுகிறார்களே, உண்மையா? குரக்கன் ரொட்டியும் சிவப்பரிசியும் எவ்வளவு சாப்பிட்டாலும் சீனி ஏறாது என்கிறார்களே, அதுவும் உண்மையா?

போசணை மாணவி (பதுளை) எழுதியது:

ஐயா, அவித்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20 கிராம் அளவு காபோவைதரேற்று உண்டு. அதே நிறையுள்ள சோற்றில் 28 கிராம் உண்டு. கிழங்கைச் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் ஒரு தீங்கும் இல்லை. சோற்றை மலையாகக் குவித்து, கிழங்குப் பிரட்டலை மரக்கறிக் கணக்கில் வைக்கும்போதுதான் பிரச்சினை வருகிறது.

குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் நிறைய உண்டு, ஆனால் 100 கிராம் மாவில் 70 கிராமுக்கு மேல் காபோவைதரேற்றும் உண்டு. சிவப்பரிசியும் மாச்சத்தின் அளவில் வெள்ளையரிசிக்கு அருகில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் குரக்கன் மாவைக் கோதுமை மாவுடன் பாதிக்குப் பாதி கலந்து, வழக்கத்தைவிட இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிடுபவர்களை எனக்குத் தெரியும்.

மரக்கறிகளிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கோவாவில் 100 கிராமுக்கு 6 கிராம், போஞ்சியில் 7, கரட்டிலும் பீட்ரூட்டிலும் 10 கிராம் அளவு. இலைபோல் தோன்றும் லீக்ஸில் 14 கிராம் இருப்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் யாரும் லீக்ஸ் சாப்பிட்டுச் சீனி வியாதி வாங்கியதில்லை. நுவரெலியா மரக்கறி எதையும் விலக்கி வைக்க வேண்டிய தேவை இல்லை.

மஸ்கெலியா இளைஞன் எழுதியது:

பருப்பைப் பற்றிச் சகோதரி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொழுப்பை ஏன் யாரும் பேசவில்லை? மாச்சத்துக் குறைந்த இடத்தைத் தேங்காயால் நிரப்பலாமே. அது நம் வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர் (ஹட்டன்) எழுதியது:

அளவோடு நிரப்பலாம். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 33 கிராம் அளவு கொழுப்பு இருக்கிறது, அதில் ஏறத்தாழ 30 கிராம் நிரம்பிய கொழுப்பு. 2,000 கிலோகலோரி உண்பவருக்கு நிரம்பிய கொழுப்பு 22 கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரு கைப்பிடிச் சம்பல் இந்த எல்லைக்குள் அடங்கும். சம்பல், பாற்கறி, தேங்காயெண்ணெய்ப் பொரியல் மூன்றும் ஒரே வேளையில் வந்தால் அடங்காது. கச்சான், எள்ளு, சிறுமீன் ஆகியவற்றின் கொழுப்பை அந்த இடத்தில் வைப்பதே இதயத்துக்கு உகந்தது. கொலஸ்ட்ரோல் ஏற்கெனவே கூடியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

கொழுந்துக்காரி எழுதியது:

சரி, எனக்கு இன்னொரு சந்தேகம். எங்கள் லயத்தில் பெண்களுக்கு இரத்தம் குறைவு என்று குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு முறையும் எழுதிவிட்டுப் போகிறார். அதற்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டா?

போசணை மாணவி (பதுளை) எழுதியது:

நேரடித் தொடர்பு உண்டு, அக்கா. பருப்பிலும் கீரையிலும் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் தாவர இரும்பு உடம்பில் எளிதாகச் சேராது. தேநீரில் உள்ள தனின் அதை இன்னும் தடுக்கிறது. நாம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பிளேன்ரீ குடிக்கிறோம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடித்தால் அதே சாப்பாட்டிலிருந்து கூடுதல் இரும்பு கிடைக்கும். விற்றமின் சி இதற்கு நேரெதிராக உதவி செய்யும். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிவதும், சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் உண்பதும் செலவில்லாத வழிகள். நெத்தலி, முட்டை, ஈரல் போன்றவை சிறிதளவு சேர்ந்தாலும் பயன் உண்டு. ஆனால் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையை இவற்றைக் காட்டி நிறுத்திவிடக் கூடாது. அதையும் தேநீரோடு விழுங்கக் கூடாது.

லிந்துலை ஆசிரியர் எழுதியது:

பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். என் வகுப்பில் உடல் பருத்துவிடும் என்று பயந்து காலைச் சாப்பாட்டை விடும் மாணவிகள் இருக்கிறார்கள். வீட்டில் யாரோ இந்த உணவுமுறையைக் கடைப்பிடிப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பயம் வருகிறது. 2016ஆம் ஆண்டு தேசியச் சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மை நாடு முழுவதும் 17 வீதமாக இருக்க, பெருந்தோட்டத் துறையில் 32 வீதத்தை நெருங்கியது. இப்படிப்பட்ட இடத்தில் பெரியவர்களின் உணவுக் கட்டுப்பாட்டைப் பிள்ளைகளின் தட்டுக்குக் கொண்டுபோவது தகாது. அவர்களுக்கு வேண்டியது சோறும் ரொட்டியும், அவற்றோடு முட்டை, பயறு, பால். இனிப்புப் பானத்தையும் பிஸ்கட்டையும் குறைத்தால் போதுமானது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதே பேச்சுத்தான். அவர்களுக்குக் கிடைக்கும் திரிபோஷ என்னும் சத்துமாவை வீட்டார் பங்கு போடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

தலவாக்கலை கடைக்காரர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பானை ஒன்றாகவே இருக்கட்டும், தட்டுகள் வேறாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். பருப்பைத் தடிப்பாகச் சமைப்போம். எனக்கு ஒரு ரொட்டி, மனைவிக்கு வழக்கமான அளவும் ஒரு முட்டையும், பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல். கடையில் நிற்கும்போது குடிக்கும் தேநீர்களில் சீனியை நிறுத்துவது எனக்குக் கடினமாகத்தான் இருக்கும். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. அம்மாவும் என்னோடு சேர்ந்து குறைக்கப் போவதாகச் சொல்கிறார். அவருடைய மாத்திரைகள் மெட்போமினும் கிளிக்லசைட்டும்.

ஓய்வுபெற்ற மருந்தாளர் (ஹட்டன்) எழுதியது:

தம்பி, அம்மா உணவைக் குறைக்கும் முன்பே கிளினிக்கில் சொல்லுங்கள். குறைத்த பிறகு சொல்வது பிந்திய செயல். மெட்போமின் தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல: நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். மாச்சத்தைப் பாதியாக்கிவிட்டு அந்த மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டால் சீனி திடீரென்று இறங்கலாம். இன்சுலின் ஏற்றுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இறுக்கமான கீற்றோ முறையைத் தவிர்க்க வேண்டும். சீனி சாதாரண அளவில் இருக்கும்போதே இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும் அபாயம் அவர்களுக்கு உண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னர் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

மாத்திரை அளவை வைத்தியர்தான் மாற்ற வேண்டும். வீட்டில் பாதியாக உடைத்துப் போடாதீர்கள். கிளினிக் கொப்பியோடு, ஒரு வாரம் அம்மா என்ன சாப்பிட்டார் என்பதையும், முடிந்தால் சாப்பாட்டுக்கு முன்னும் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்திலும் எடுத்த சீனி அளவுகளையும் எழுதிக் கொண்டுபோங்கள். வியர்த்தல், கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை தெரிந்தால் உடனே அளந்து பாருங்கள். 70இற்குக் கீழே இருந்தால், அல்லது அளக்கக் கருவி இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். தேறியதும் ஒரு ரொட்டியோ கொஞ்சம் சோறோ கொடுங்கள். மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.